வாடகை மண்ணில் ஒரு சொந்த வீடு

கிரெய்கிபர்னைத் தாண்டி, நெடுஞ்சாலையை ஒட்டிய ஒரு பெரிய தகரக் கொட்டகைக்குள் எங்கள் வீடு இரண்டு துண்டுகளாக நின்றது. ஒரு துண்டில் சமைக்கிற குசினியும் இருப்பறையில் பாதியும். மற்றதில் அதன் மறுபாதியும் படுக்கையறைகளும் குளியலறையும். நடுவில் ஒரு ஆள் நடந்து போகிற அளவுக்கு இடைவெளி. அங்கே நின்று பார்த்தால் நெடுக்காக வெட்டிய பாண் ரொட்டி மாதிரி வீட்டின் உள்ளெல்லாம் தெரிந்தது. மின்கம்பிகள், சுவருக்குள் அடைத்த மஞ்சள் பஞ்சு, வெள்ளைக் குழாய்கள்.

வெட்டிய பலகையின் வாசனை. எங்கோ ஒரு வானொலியில் கிரிக்கெட் வர்ணனை. ஆணி அடிக்கும் துப்பாக்கியின் சத்தம் வந்தபோதெல்லாம் வர்ணனை காணாமல் போய்த் திரும்பி வந்தது.

என் மனைவி நபீஸாவின் அண்ணன் ஃபாரூக், அவளுக்குக் காக்கா, எனக்கு மச்சான், குளியலறைக்குள் நின்றார். கழிப்பறைப் பீங்கான் இன்னும் வைக்கப்படவில்லை. அது வரப்போகிற இடத்தைத் தரையில் பென்சிலால் குறித்திருந்தார்கள். மச்சான் அந்தக் குறியின் மேல் இரண்டு காலையும் அகட்டி வைத்து, கைபேசியை நெஞ்சுக்கு நேரே பிடித்துக்கொண்டு, அதன் திரையில் ஆடிய திசைமுள்ளைப் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார்.

"மச்சான், இஞ்ச வாங்க. ஒங்கட கக்கூஸ் நேரே கிப்லாவப் பாத்துக்கொண்டிரிக்கி."

தொழும்போது நாங்கள் முகம் திருப்பும் திசை கிப்லா. கழிப்பறை அந்தத் திசையைப் பார்த்தும் இருக்கக் கூடாது, அதற்கு முதுகு காட்டியும் இருக்கக் கூடாது என்பது எங்கள் வீடுகளில் பழகி வந்த ஒழுங்கு. ஊரில் மேசன்மாருக்கு இதைச் சொல்லவே தேவையில்லை. மெல்பேர்னில் கிப்லா மேற்கே, சற்று வடக்குச் சாய்வாக இருக்கிறது. இங்கே நாங்கள் இருந்த வாடகை வீடுகளைக் கட்டியவர்களுக்கு அந்தக் கவலை இருக்கவில்லை. ஆகவே நாங்கள் இவ்வளவு காலமும் கொஞ்சம் சரிந்து உட்கார்ந்தே பழகியவர்கள்.

மச்சான் ஊரில் நீர்ப்பாசனத் திணைக்களத்தில் வரைபடம் வரைந்து ஓய்வு பெற்றவர். அவர் திசை சொன்னால் யாரும் மறுபேச்சுப் பேசுவதில்லை. மேற்பார்வையாளரைக் கூப்பிட்டோம். அவர் தரையைப் பார்த்தார், குழாயைப் பார்த்தார். இன்னும் துளை போடவில்லை, பீங்கானைக் கால் சுற்றுத் திருப்பி வைக்கலாம், நிச்சயம்தானா என்று கேட்டார்.

"நிச்சயம்," என்றார் மச்சான். நானும் தலையாட்டினேன்.

மடித்து வைத்த பெட்டிகள்

ஒரு வீட்டைக் கொட்டகைக்குள் போய்ப் பார்க்கிற நிலைக்கு நாங்கள் வந்த கதையைச் சொல்ல வேண்டும்.

மெல்பேர்னுக்கு வந்த நாள் முதல் நாங்கள் வாடகைக்கு இருந்தவர்கள். வட்டி எங்கள் மார்க்கத்தில் கூடாது என்பதால், வட்டிக்கு வாங்கி வீடு கட்டுவதில்லை என்று கல்யாணம் முடித்த புதிதிலேயே பேசி வைத்திருந்தோம். எங்களோடு வந்த பலர் வேறு விதமாக யோசித்தார்கள். அவர்களோடு எங்களுக்குச் சண்டை இல்லை. பெருநாளைக்கு அவர்களுடைய வீடுகளுக்குப் போய், பின்முற்றத்தில் காய்த்த எலுமிச்சம்பழங்களை வாங்கிக்கொண்டு வருவோம்.

நோபல் பார்க்கில் மட்டும் பல வீடுகள் மாறினோம். ஒரு வீட்டுக்காரர் விற்றார். ஒருவர் தன் மகனைக் குடிவைத்தார். இன்னொருவர் இடித்துவிட்டு இரண்டாகக் கட்டினார். யாரும் கெட்டவர்கள் இல்லை. எல்லாரும் மரியாதையாகவே அறிவித்தல் அனுப்பினார்கள்.

நபீஸாவுக்கு இதனால் ஒரு பழக்கம் வந்தது. ஒவ்வொரு முறை வீடு மாறிய பிறகும் காட்போட் பெட்டிகளை எறிய மாட்டாள். ஒட்டு நாடாவைக் கத்தியால் கீறி, தட்டையாக மடித்து, அலுமாரிக்குப் பின்னால் செருகி வைப்பாள். அவற்றின் மேல் 'குசினி', 'போர்வை', 'கண்ணாடி' என்று அவளே எழுதியிருந்தாள். சில பெட்டிகள் எங்கள் மகளின் பள்ளிக்கூட நாட்களிலிருந்து எங்களோடு வந்தவை.

கடைசி வீட்டுக்காரரின் அறிவித்தல் வந்தபோது அவள் அதை வாசித்துவிட்டு, அலுமாரியின் பின்னால் ஒரு தடவை எட்டிப் பார்த்தாள். பிறகு என்னிடம் சொன்னாள்.

"இனி ஒரே ஒரு தரம்தான் நான் சாமான் கட்டுவன். அதுக்குப் பொறகு என்னக் கேக்க வேணாம்."

மகள் சொன்ன பெயர்

தொழிற்சாலையில் செய்து லொறியில் கொண்டுவந்து வைக்கிற வீடுகளைப் பற்றி முதலில் எனக்குச் சொன்னது என்னோடு வேலை செய்த ஒருவர். கொழும்பில் ஒரு நாளேட்டின் செய்தி மேசையில் இருந்த நான், இங்கே வந்து பல வருடங்கள் கடிதம் பிரிக்கும் கூடத்தில் வேலை பார்த்தேன். எனக்குப் பக்கத்து மேசையில் நின்றவர் பேச்சுக் குறைந்த ஒரு மனிதர். மனைவி இறந்த பிறகு பெரிய வீட்டை விற்றுவிட்டு, டண்டினோங் பக்கத்தில் வண்டி வீடுகள் நிற்கிற ஒரு கராவன் பார்க்குக்குக் குடிபோயிருந்தார்.

ஒருமுறை என்னைத் தேநீருக்குக் கூப்பிட்டார். நான் பரிதாபப்படத் தயாராகப் போயிருந்தேன். வாசலில் ஜெரேனியம் பூச்சட்டிகள் வரிசையாக இருந்தன. உள்ளே சாய்கதிரை, புத்தகத் தட்டு, ஒரு முழு அடுப்பு. எல்லாம் கைக்கெட்டும் தூரத்தில். திரும்பி வரும்போதுதான் கவனித்தேன், பூச்சட்டிகளுக்குப் பின்னால் வண்டிச் சில்லுகள் இருந்தன. அவர் அவற்றை மறைக்கத்தான் சட்டிகளை வைத்திருந்தாரா என்று நான் கேட்கவில்லை. என் பரிதாபம் எனக்கே திரும்பி வந்ததுபோல இருந்தது.

இப்போது வருகிற வீடுகள் அப்படியல்ல. கூரை, சுவர், குளிர் தாங்கும் பஞ்சு, இரட்டைக் கண்ணாடி யன்னல் என்று பார்த்தால் பக்கத்துத் தெருவின் புதிய வீட்டுக்கும் இதற்கும் பெரிய வித்தியாசம் தெரியாது. அடியில் ஒரு இரும்புச் சட்டகம் இருக்கும். இடத்துக்கு வந்ததும் தூண்களில் ஏற்றி, சுற்றிப் பலகை அடித்துவிடுவார்கள். நகரும் வீடு என்று பெயர். வந்து சேர்ந்த பிறகு பெரும்பாலும் ஒன்றும் நகர்வதில்லை.

எங்கள் மகள் ரிஸ்னா தாதியாக இருக்கிறாள். கிரெய்கிபர்னில் அவளுக்குச் செங்கல் வீடு இருக்கிறது, அதற்கு வங்கிக் கடனும் இருக்கிறது. நாங்கள் எடுத்த முடிவைக் கேட்டதும் ஒரே வரியில் தீர்ப்புச் சொன்னாள்.

"வாப்பா, இட்ஸ் எ கராவன்."

"கராவன் இல்ல புள்ள. ரெண்டு பெட்ரூம் இரிக்கி," என்றாள் நபீஸா.

"ஓகே. பிக் கராவன். உம்மா, எங்களோட வந்து இருங்கோவன். பின்னால ஒரு ரூம் சும்மா கிடக்கு."

"வருவம். பெருநாளைக்கு."

ரிஸ்னா என்னைப் பார்த்தாள். நான் செய்தி மேசைப் பழக்கத்தில் இருபக்கக் கருத்தையும் மனதுக்குள் குறித்துக்கொண்டேன்.

மண் யாருடையது

நாங்கள் தேர்ந்தெடுத்த குடியிருப்பு வெரிபீயைத் தாண்டி இருக்கிறது. ஐம்பது வயதைக் கடந்தவர்களுக்கானது. வாசலில் ஒரு கதவு, நடுவில் நீச்சல் குளமும் பொது மண்டபமும், சுற்றிலும் சிறிய தெருக்கள். வீடு நம்முடையது. வீடு நிற்கிற மண் அந்த நிறுவனத்துடையது. மண்ணுக்கு வாரா வாரம் வாடகை கட்ட வேண்டும்.

வாசகர்களில் சிலர் இந்த இடத்தில் முகம் சுளிப்பார்கள் என்று எனக்குத் தெரியும். மண்ணில்லாத வீடு என்ன வீடு என்று எங்கள் ஆட்களே கேட்டார்கள். நானும் கேட்டுக்கொண்டேன். ஆகவே ஒப்பந்தத்தைப் பழைய பத்திரிகைப் புரூஃப் மாதிரி எடுத்துவைத்துப் படித்தேன். மண்வாடகை எப்படிக் கூடும், வீட்டை விற்க விரும்பினால் யார் விற்பது, விற்கும்போது நிறுவனம் பங்கு கேட்குமா, அந்த இடத்தையே மூடினால் என்ன நடக்கும். இந்த நான்கும் தெரியாமல் யாரும் கையெழுத்து வைக்கக் கூடாது. இடத்துக்கு இடம் பதில் மாறும். ஒரு சட்டத்தரணியிடமும் காட்டினேன். அவர் இரண்டு இடங்களில் கேள்விக்குறி போட்டார். பதில் வந்த பிறகுதான் ஒப்பமிட்டோம்.

ஆதாயமும் இருந்தது. நிலத்தின் விலையைக் கொடுக்கத் தேவையில்லை என்பதால் கையில் இருந்த சேமிப்போடு வீட்டை முழுதாக வாங்க முடிந்தது. வங்கி வாசல் மிதிக்கவில்லை. நபீஸா அதைத்தான் பார்த்தாள்.

வீட்டின் வரைபடத்தை அவள் குசினி மேசையில் விரித்து வைத்து நாள்கணக்காகப் பார்த்தாள். எங்களுக்குக் கிடைத்த மனை நீச்சல் குளத்துக்கு முன்னால் இருந்தது. கழிப்பறை எந்தப் பக்கம், தொழுகிற மூலை எது என்று அவளே தீர்மானித்தாள். எல்லாம் சரி என்றாள். அதன் பிறகுதான் நானும் மச்சானும் கொட்டகைக்குப் போனோம்.

பிஸ்கட் டின்

கொட்டகையிலிருந்து திரும்பிய அன்று மச்சான் குசினிக் கதிரையில் சாய்ந்து உட்கார்ந்து, தேநீரை ஊதி ஊதிக் குடித்துக்கொண்டே நடந்ததைச் சொன்னார். தான் போயிராவிட்டால் என்ன ஆகியிருக்கும் என்பதையும் சொன்னார்.

நபீஸா கையைத் துடைத்துக்கொண்டு வந்தாள். மேசையில் இருந்த நீளமான பிஸ்கட் டின்னை மச்சானுக்கு முன்னால் தள்ளினாள். அதன் மூடியில் ஒரு தேக்கரண்டியை வைத்தாள்.

"காக்கா, இது வீடு. கரண்டி கக்கூஸ். கொட்டகைக்குள்ள வீடு எப்படிக் கெடந்த?"

மச்சான் யன்னலைப் பார்த்துத் திசை பிடித்து, டின்னைக் கிழக்கு மேற்காகக் கிடத்தினார்.

"முந்தி கக்கூஸ் எங்க பாத்த?"

கரண்டியை மேற்கே காட்டி வைத்தார்.

"இப்ப நீங்க திருப்பின பொறகு?"

கரண்டியை வடக்கே திருப்பினார். முகத்தில் திருப்தி.

"சரி. இப்ப இத லொறியில ஏத்துறம். வெரிபீக்குக் கொண்டு போறம். நம்மட மனையில வீடு தெக்கு வடக்காத்தான் கெடக்கும்." அவள் டின்னைக் கால் சுற்றுத் திருப்பினாள். மூடியோடு கரண்டியும் திரும்பியது. இப்போது அது நேரே மேற்கைப் பார்த்தது.

மச்சான் டின் பக்கமாகக் குனிந்தார்.

"நாங்க என்ன, கொட்டகைக்குள்ளயா குடியிருக்கப் போறம்?" என்றாள் நபீஸா.

மச்சான் குவளையைக் கீழே வைத்தார். கரண்டியை எடுத்தார், பார்த்தார், திரும்ப வைத்தார். "வீடு திரும்பும்தான் என்ன," என்றார் மெதுவாக.

தொழிற்சாலைக்கு உடனே அழைத்தேன். எங்களுக்காக அவசரப்பட்டு அந்த வேலையை அன்றே முடித்திருந்தார்கள். துளை போட்டு, குழாய் மாற்றி, தரையை மூடியாகிவிட்டது. மறுபடி உடைத்துச் செய்யலாம். ஆனால் எங்களுக்கு ஒதுக்கிய லொறி நாள் போய்விடும், அடுத்த நாள் கிடைக்க வாரங்கள் ஆகும் என்றார்கள். அதற்குள் நோபல் பார்க் வீட்டை நாங்கள் காலி செய்தாக வேண்டும். அதாவது நடுவில் இன்னொரு வாடகை வீடு, இன்னொரு தடவை பெட்டி கட்டுவது.

ரிஸ்னாவிடம் சொன்னோம். அவள் சிரித்துவிட்டு, பிறகு சிரித்ததற்கு மன்னிப்புக் கேட்டாள்.

"உம்மா, ஜஸ்ட் சிட் சைட்வேஸ். நீங்கள் இவ்வளவு காலமும் அப்படித்தானே இருந்தனீங்கள்."

"அதெல்லாம் அவங்கட வீடு," என்றாள் நபீஸா. "இது என்ட வீடு."

பின் வரிசை

அடுத்த நாள் காலை அவள் வெரிபீக்குப் போக வேண்டும் என்றாள். காரில் ஏறும்போது மடியில் பிஸ்கட் டின் இருந்தது. வழியில் தின்னக் கொண்டு வருகிறாள் என்று நினைத்துக்கொண்டேன்.

குடியிருப்பின் அலுவலகத்தில் முகாமையாளர் பெண் ஒருவர் இருந்தார், கழுத்தில் கண்ணாடியைத் தொங்கவிட்ட கலகலப்பான ஆள். மேசையில் கண்ணாடிக்குக் கீழே குடியிருப்பின் முழு வரைபடம். நபீஸா டின்னை எடுத்து அதன் மேல் வைத்தாள், கரண்டியையும் வைத்தாள். தன் ஆங்கிலத்தில், அவசரப்படாமல், விளக்கினாள். வீடு இப்படி வருகிறது. கழிப்பறை இப்படிப் பார்க்கிறது. நாங்கள் தொழுகிற திசை இது. ஆகவே வீடு இந்தப் பக்கமாகக் கிடக்கிற ஒரு மனை வேண்டும்.

முகாமையாளர் கண்ணாடியை மாட்டிக்கொண்டு கரண்டியைப் பார்த்தார். வாய்விட்டுச் சிரிக்காமல் இருக்க அவர் எடுத்த முயற்சியை நான் மதிக்கிறேன்.

"ஃபேர் இனஃப்," என்றார். பிறகு டின்னை அவரே எடுத்து வரைபடத்தின் மேல் தெருத் தெருவாக நகர்த்திப் பார்த்தார். முன் வரிசைகள் எல்லாம் ஒரே வாக்கில் இருந்தன. கடைசியில், வேலியோரம், ஒரே ஒரு தெரு மற்றத் திசையில் ஓடியது. டின் அங்கே போய் நின்றது.

அந்த வரிசையில் மனைகள் காலியாக இருந்ததற்குக் காரணமும் சொன்னார். குளமும் மண்டபமும் தூரம். வேலிக்கு அப்பால் வெறும் புல்வெளி, அதற்கும் அப்பால் ரயில் பாதை. சத்தம் கேட்கும், பின்னால் குறை சொல்லக் கூடாது.

நபீஸா என் பக்கம் திரும்பினாள். "நீங்க எப்ப நீந்தப் போன?"

எங்கள் பழைய மனையில் தூண்கள் இன்னும் இறக்கப்படவில்லை. அதனால் மாற்றிக்கொள்ள முடிந்தது. சீமெந்துத் தளம் போட்டுக் கட்டுகிற வீட்டுக்கு இந்த வசதி கிடையாது. கக்கூஸைத் திருப்ப முடியாமல் போனபோது நாங்கள் வீட்டையே திருப்பிக்கொண்டோம். ஒப்பந்தத்தில் மனை எண்ணை வெட்டி வேறு எண் எழுதிய இடத்தில் நாங்கள் இருவரும் சுருக்கக் கையொப்பம் வைத்தோம்.

காரில் ஏறிய பிறகு டின்னைத் திறந்தாள். உள்ளே பிஸ்கட்டும் இருந்தது.

லொறி வந்த காலை

அந்தக் குடியிருப்பில் ஒரு வழக்கம் உண்டு. புது வீடு வருகிற காலையில் பக்கத்து வீட்டுக்காரர்கள் மடக்குக் கதிரைகளையும் தேநீர்க் குவளைகளையும் எடுத்துக்கொண்டு தெருவோரம் வந்து உட்கார்ந்துவிடுவார்கள், கிரிக்கெட் பார்க்க வந்ததுபோல. எங்களுக்கும் இரண்டு கதிரைகள் போட்டு வைத்திருந்தார்கள். அடுத்த வீட்டுப் பௌலா, எழுபதைத் தாண்டிய ஒல்லியான பெண், தன் நாயின் சங்கிலியைக் கதிரைக் காலில் கட்டிவிட்டு எங்களுக்கு இடம் காட்டினார்.

எங்கிருந்து வருகிறீர்கள் என்று கேட்டார்.

"நோபல் பார்க்," என்றாள் நபீஸா.

முன்னால் மஞ்சள் விளக்குச் சுழல ஒரு கார். பின்னால் முதல் லொறியில் பாதி வீடு, வெட்டுப் பக்கத்தைப் பிளாஸ்டிக்கால் மூடி. காற்றில் அது படபடவென்று அடித்தது. யன்னல் ஒன்றில் தொழிற்சாலைக்காரர்கள் ஒட்டிய எங்கள் பெயர்த் துண்டு. லொறி பின்னோக்கி வந்தபோது கதிரைகளில் பேச்சு நின்றது. விரல்கடை அளவுக்குத் தள்ளி, நிறுத்தி, மறுபடி தள்ளி, தூண்களின் மேல் இறக்கினார்கள். அப்போது கைதட்டினார்கள். பிறகு மற்றப் பாதி வந்தது. இரண்டும் சேர்ந்தபோது கேட்ட சத்தம், கனமான புத்தகத்தை மூடியது போல இருந்தது.

மச்சான் கைபேசியை வெளியில் எடுத்தார்.

"அத சட்டைப்பைக்குள்ள வைங்க காக்கா," என்றாள் நபீஸா.

வேலையாட்கள் தற்காலிகப் படி ஒன்று வைத்தார்கள். அவள் செருப்பைக் கழற்றிவிட்டு பிஸ்மில்லாஹ் சொல்லி வலது காலை உள்ளே வைத்தாள். குசினியைப் பார்க்கவில்லை, படுக்கையறையைப் பார்க்கவில்லை. நேரே குளியலறைக்குப் போனாள். அங்கே சின்ன யன்னலால் வந்த வெயிலைப் பார்த்தாள், பீங்கானைப் பார்த்தாள். பிறகு அண்ணனைக் கூப்பிட்டாள்.

"இப்ப எடுங்க ஃபோன."

மச்சான் பீங்கானுக்குப் பக்கத்தில் நின்று திசைமுள் அடங்கும்வரை மூச்சைப் பிடித்துக்கொண்டிருந்தார். "வடக்கு," என்றார். பிறகு என்னைப் பார்த்து, "கண்டீங்களா மச்சான், நான் அண்டைக்குத் திருப்பச் சொன்னது எவ்வளவு நல்லதாப் போச்சு" என்றார்.

நபீஸா அவரைத் தேநீர் குடிக்கப் போகச் சொன்னாள்.

அன்று பிற்பகல் அஸர் தொழுகையை இருப்பறையில் தொழுதோம். இரண்டு பாதிகளும் சேர்ந்த கோடு தரையில் இன்னும் தெரிந்தது, பலகை மூடவில்லை. அவளுடைய பாய் அந்தக் கோட்டுக்கு அப்பால், என் பாய் இப்பால். வேலிக்கு வெளியே ரயில் ஒன்று போனது. நோபல் பார்க் ரயிலை விட மெல்லிய சத்தம்.

சாமான்களைப் பிரித்து முடிக்க ஒரு வாரம் போனது. ரிஸ்னா வந்து அலுமாரிகளை அடுக்கினாள். போகும்போது குசினியைச் சுற்றிப் பார்த்து, "எங்கட கிச்சனை விட லைட் கூட" என்று மட்டும் சொன்னாள். கராவன் என்ற சொல்லை அன்றோடு விட்டுவிட்டாள்.

குப்பை எடுக்கும் நாளுக்கு முதல் நாள் பின்னேரம், நபீஸா பெட்டிகளை எல்லாம் வெளியே கொண்டுவந்தாள். நான் வழக்கம்போல மடித்து வைக்கத்தான் என்று நினைத்துக் கத்தியை எடுத்துக் கொடுத்தேன். அவள் மஞ்சள் மூடி போட்ட தொட்டியைத் திறந்தாள். 'குசினி' போனது. 'போர்வை' போனது. எங்கள் தொட்டி நிறைந்துவிட்டது.

பௌலா வேலியோரம் நின்று பார்த்துக்கொண்டிருந்தார். தன் தொட்டியை இழுத்துக்கொண்டு வந்து, அதிலும் போடலாம் என்றார். பிறகு பெட்டிகளைத் தட்டிப் பார்த்து, நல்ல உறுதியான பெட்டிகள், சிலதை வைத்துக்கொள்ளுங்களேன், எப்போதாவது வீடு மாறினால் உதவும் என்றார்.

"நோ," என்றாள் நபீஸா, 'கண்ணாடி' என்று எழுதிய பெட்டியைக் காலால் மிதித்துத் தட்டையாக்கிக்கொண்டே. "நெக்ஸ்ட் டைம், ஹவுஸ் கமிங் வித் அஸ்."

பௌலா தன் தொட்டியின் மூடியைத் தூக்கிப் பிடித்தார். அவள் கடைசிப் பெட்டியையும் உள்ளே தள்ளினாள்.